ஒன்பது வீடு எந்த ஊர்?

திருமானூர் பக்கம் நான் கிராம நர்ஸாக இருந்தபோது, என் எல்லை ஒரு பாசன வாய்க்காலோடு முடிந்தது. வாய்க்காலுக்கு அப்பால் ஒன்பது வீடுகள். அந்த இடத்துக்கு ஒரே பேர் கிடையாது. ரேஷன் கார்டில் மேற்கூர், அதாவது என் ஊர். நில வரைபடத்தில் கிழக்கூர். பஸ் கண்டக்டர் "பம்புசெட்டு எறங்கு" என்பார். அங்கிருப்பவர்கள் "ஒம்போது வூடு" என்று சொல்லிக்கொண்டார்கள்.

அந்த ஒன்பது வீடும் யார் பொறுப்பு என்பதில் எனக்கும் கிழக்கூர் நர்ஸுக்கும் இழுபறி. வேலைக்குப் பயந்தவள் இல்லை நான். ஆனால் அடுத்தவர் வேலையை என் தலையில் கட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வரைபடத்தை நகல் எடுத்து மனு எழுதி, மேலதிகாரியிடம் நின்று பேசி, ஒன்பது வீட்டையும் கிழக்கூருக்குத் தள்ளிவிட்டேன். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அன்று டீக்கடையில் இரண்டு பஜ்ஜி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

சில மாதத்தில் கிழக்கூர் நர்ஸ் மாறுதலாகிப் போய்விட்டார். அந்த இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை.

சித்திரையில் ஒரு காலை, அந்த ஒன்பது வீட்டில் ஒன்றிலிருந்து ஒரு அம்மா வாய்க்காலைத் தாண்டி வந்து என் வாசலில் நின்றார். "மருமவளுக்கு எட்டு மாசம். காலு வீங்கிக் கெடக்கு, தலைவலி தாங்கலங்குறா. கொஞ்சம் வந்து பாருங்க."

"ஒங்க ஊர் நர்ஸ்கிட்ட காட்டலியா?" என்று கேட்டுவிட்டேன்.

"அங்கதான் யாருமே இல்லீங்களே."

போய்ப் பார்த்தேன். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு அந்தப் பெண்ணை யாருமே பரிசோதித்திருக்கவில்லை. முகம் உப்பியிருந்தது. பிரஷர் எக்கச்சக்கம். இப்போதே அரியலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் வலிப்பு வரும், இரண்டு உயிருக்கும் ஆபத்து என்றேன்.

யாரும் அசையவில்லை. முந்தின நாள்தான், இவர்களும் சேர்ந்து நடத்தும் கிழக்கூர் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். கட்டிய பிறகு எட்டு நாளைக்கு ஊர்க்காரர்கள் யாரும் எல்லை தாண்டி இரவு தங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும்.

"பாத்துட்டு சாயங்காலம் கூட்டியாந்துடலாமா?" என்று புருஷன்காரன் கேட்டான்.

"படுக்க வெச்சுடுவாங்கப்பா. சாயங்காலம்லாம் விட மாட்டாங்க."

அவன் அம்மாவைப் பார்த்தான், அம்மா தரையைப் பார்த்தார். அந்தப் பெண் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். மற்ற வீட்டுக்காரர்களும் வந்து கூடிவிட்டார்கள். கத்தினால் காரியம் நடக்காது என்பது எனக்கே தெரிந்தது. பையிலிருந்து பதிவேட்டை எடுத்தேன்.

"நீங்க கிழக்கூர்னு யாரு சொன்னா? கார்டுல மேற்கூர்தான போட்டிருக்கு? மேற்கூர்ல இன்னும் காப்பே கட்டலியே."

"போன வருசம் நீங்கதானங்க சொன்னீங்க, நாங்க ஒங்க கணக்குல வர மாட்டோம்னு?" என்றார் மாமியார்.

"அது போன வருசம்."

எல்லாரும் பார்க்க, மேற்கூர் என்று தலைப்பு எழுதி, அதன் கீழே ஒன்பது வீட்டையும் வரிசையாக எழுதினேன். மாமியார் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகனிடம், "போய் வண்டிய வரச் சொல்லு" என்றார். இரண்டாம் நாள் ஆபரேஷனில் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவுதான், ஆனாலும் தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த வருஷம் கிழக்கூர்த் திருவிழாவில் கரகம் சுற்றி வந்த அன்று, அந்த வீடுகளில் குழந்தைகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். எப்போதும்போல் ஒன்பது வாசலிலும் கோலம் போட்டு, மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றார்கள். கரகம் எடுத்து வருபவரின் காலில் அதை ஊற்றுவது வழக்கம். மேளச் சத்தம் கிட்டத்தில் கேட்டது. கிழக்கூர்ப் பக்கத்து மண்பாதை முனை வரை வந்த கரகம், அப்படியே திரும்பிவிட்டது.

ஓடிப் போய்க் கேட்டேன். முன்னால் வந்துகொண்டிருந்த கிழக்கூர்ப் பெரியவர் நிதானமாகச் சொன்னார். "அவங்க மேற்கூருங்க. நீங்கதான நோட்டுலயே எழுதினீங்க."

"அது ஆஸ்பத்திரிக் கணக்குங்க. சாமிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அன்னிக்கு காப்புக்கு மட்டும் அந்தக் கணக்கு செல்லுச்சா?"

மேற்கூரில் விசாரித்தால், "அவங்க எப்பவும் கிழக்கூருதாங்க" என்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு வீட்டை மட்டும் எழுதியிருந்தால் போதுமே என்று அப்போதுதான் உறைத்தது. பேனா ஓடிய வேகத்தில் ஒன்பதையும் எழுதியிருந்தேன்.

திரும்பி வந்தேன். மாமியார் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, நிறைந்த குடத்தோடு இன்னும் வாசலில்தான் நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"எனக்கு ஒரு கொறையும் இல்லம்மா. எம் மருமவளும் புள்ளயும் வூட்டுல இருக்காங்க. மத்த எட்டு வூட்டுக்கும் நான் என்ன பதில் சொல்றது?"