அந்தோனியார் பெட்டியில் போட்ட கடுதாசி

பாவசங்கீர்த்தனத்துக்கு என்னிடம் ஒரு பட்டியல் உண்டு. கோபப்பட்டேன், ஞாயிறு பூசைக்குப் பிந்திப் போனேன், கல்யாண வீட்டில் பிராந்தி குடித்தேன், மனைவியிடம் பொய் சொன்னேன். முப்பது வருடமாக இந்த நான்குதான். பலசரக்குக் கடையில் சொல்வது மாதிரி ஒப்பித்துவிட்டு, சாமியார் சொன்ன செபத்தையும் சொல்லிவிட்டு, புது மனிதனாக வீட்டுக்கு வந்து அன்றைக்கே மனைவியிடம் பொய் சொல்வேன். இவ்வளவு சின்னப் பாவியிடம் சாத்தானுக்கு என்ன சோலி என்றுதான் நினைத்திருந்தேன்.

ஐந்தாவதாக ஒன்று இருந்தது. அதை மட்டும் தொடர்ந்து மூன்று தவக்காலமாக நான் பட்டியலில் சேர்க்கவில்லை.

முட்டத்துக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. நான் படகு என்ஜின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். பெரிய வெள்ளியன்று எங்கள் கோயிலில் ஆண்டவருடைய பாடுகளின் வரலாற்றை மூன்று பேர் மைக்கில் வாசிப்பார்கள். ஆண்டவர் பேசுவதைச் சாமியார் வாசிப்பார். நடந்ததைச் சொல்லிக்கொண்டு போகும் பெரிய பகுதி என் கூட்டுக்காரனுக்கு, சின்ன வயதிலிருந்தே சிநேகிதன். அவன் கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவன், தொண்டை அப்படி. மிச்சம் மீதியெல்லாம் எனக்கு. யூதாஸ், மறுதலிக்கிற பேதுரு, பிலாத்து, சிலுவையில் அறையச் சொல்லிக் கத்துகிற கூட்டம், எல்லாம் நான்தான். பதினோரு வருடம் இப்படியே போயிற்று.

அவன் வாசிக்கும்போது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். நான் வாசிக்கும்போது சின்னப் பிள்ளைகள் என்னை முறைக்கும். முடிந்து வெளியே வந்தால் வயதான பெண்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மக்கா, ஆண்டவர கண்ணு முன்னால கொண்டாந்து நிறுத்திட்டியே" என்பார்கள். என் பக்கம் திரும்பி, "ஒனக்கு என்ன, சளி பிடிச்சிருக்கோ?" என்பார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. இதைவிட மரியாதையான வார்த்தை கிடைத்தால் போட்டிருப்பேன்.

சோதனை கொம்போடு வரும் என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லித் தந்தார்கள். என்னிடம் அது திருச்சபையின்மேல் மிகுந்த அக்கறையோடு வந்தது. குடிக்கிற வாய் ஆண்டவருடைய பாடுகளை வாசிக்கலாமா? விசுவாசிகளுக்கு இடறல் இல்லையா? இப்படியெல்லாம் புனிதமாக யோசித்து, பட்டறையில் உட்கார்ந்து, பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்தேன். பட்டறைப் பெயர் இருந்த மேல்துண்டைத் தனியாகக் கிழித்து எறிந்தேன். அவ்வளவு புத்தி. பிறகு இடது கையால் மொட்டைக் கடுதாசி எழுதினேன். இன்னார் கல்யாணப் பந்தலுக்குப் பின்னால் நின்று குடித்தார், அவர் பீடத்தில் ஏறலாமா என்று. எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. கூட நின்று அதே குப்பியில் குடித்தவன் யார் என்பதை மட்டும் தாளில் இடம் போதாததால் விட்டுவிட்டேன்.

எங்கள் கோயிலில் அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் ஒரு விண்ணப்பப் பெட்டி உண்டு. விசா கிடைக்க வேண்டும், பிள்ளை பிறக்க வேண்டும் என்று ஊரே எழுதிப் போடும். சாமியார் செவ்வாய்க்கிழமை நவநாள் செபத்துக்கு முன் அதைத் திறந்து பார்த்துவிட்டு, வாசிக்கக்கூடியதை வாசிப்பார். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதரை நான் தபால்காரர் ஆக்கினேன்.

வேலை நடந்தது. அப்போதிருந்த சாமியார் என் கூட்டுக்காரனைக் கூப்பிட்டு, ஒரு மொட்டைக் கடுதாசி வந்திருக்கிறது, இனி நீர் ஓய்வெடும் என்று சொல்லிவிட்டார். ஆனால் அவன் இடம் எனக்கு வரவில்லை. நர்சிங் படிக்கிற ஒரு பெண்பிள்ளைக்குப் போயிற்று. அவள் நன்றாகவே வாசித்தாள், அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. நான் மறுபடியும் யூதாஸ். அந்த வருடம் தாளைப் பார்க்காமலே சொன்னேன், பயிற்சி அப்படி.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கடுதாசி எழுதியது யார் என்று அவன் தேட ஆரம்பித்தான். சாமியார் அவனைக் கூப்பிட்டதற்கு முந்தின நாள், அவனுடைய தம்பி சாமியார் வீட்டிலிருந்து இறங்கி வந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஏற்கெனவே மதில் தகராறு. "நீதானா?" என்று கேட்டான். "நான் இல்ல அண்ணே" என்றான் தம்பி. "பின்ன யாரு?" என்றதற்கு அவன் வாயைத் திறக்கவில்லை. மூன்று வருடம் அண்ணனும் தம்பியும் முகம் பார்க்கவில்லை. தம்பி மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்குக்கூட அண்ணன் போகவில்லை. நான் போனேன், பிரியாணி நன்றாக இருந்தது.

சாயங்காலம் ஆனால் அவன் என் பட்டறையில் வந்து உட்காருவான். "கூடப் பொறந்தவனே குழி தோண்டிட்டாம்லே" என்பான். நான் டீ வாங்கிக் கொடுத்து, "விடு மக்கா, ஆண்டவர் பாத்துக்கிடுவாரு" என்பேன். ஆறுதல் சொல்வதில் என்னை அடிக்க ஆள் கிடையாது.

இந்தத் தவக்காலத்தில் தம்பி நெஞ்சுவலி என்று நெய்யூர் ஆஸ்பத்திரியில் படுத்தான். வியாழக்கிழமை ஆபரேஷன், பிழைப்பது ஆண்டவர் கையில் என்று ஊரில் பேச்சு. என் கூட்டுக்காரன் பட்டறையில் உட்கார்ந்து, "அவன் செத்தாலும் நான் போவ மாட்டேன்" என்றான். சொல்லிவிட்டு, நெய்யூருக்குக் கடைசி பஸ் எப்போது என்று கேட்டான். அவன் சொன்னபடி போகாமலே இருந்து, தம்பி செத்தும் போனால்? அதை எந்தக் கணக்கில் சொல்லி எந்தச் செபத்தால் கழிப்பது? பயந்துவிட்டேன்.

சரி, பாவசங்கீர்த்தனம் செய்துவிடலாம். ஆனால் ஊரில் முடியாது. இப்போதுள்ள பங்குச் சாமியாரின் ஸ்கூட்டரையும் நான்தான் பழுது பார்க்கிறேன், இருமினாலே என்னைத் தெரியும். செவ்வாய்க்கிழமை இரண்டு பஸ் மாறிக் குழித்துறைக்குப் போனேன். அங்கே கோயிலில் வரிசையில் எனக்கு முன்னால் எங்கள் ஊர் ஐஸ் கம்பெனிக்காரர். அவருக்கு முன்னால் எங்கள் ஊர் மாதர் சங்கத் தலைவி. மூன்று பேரும் கோயில் முகட்டைப் பார்த்தோம். "இங்கன ஒரு சோலியா வந்தேன், அப்படியே ஏறினேன்" என்றார் ஐஸ் கம்பெனிக்காரர். "நானும் அப்படித்தான்" என்றேன். வழக்கமான நான்கில் ஒன்றை அங்கேயே புதுப்பித்துக்கொண்டேன்.

முழங்கால் போட்டேன். கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம் தொண்டையைச் செருமினது எங்கள் பங்குச் சாமியாரேதான். தவக்காலக் கூட்டத்துக்கு உதவியாக வந்து உட்கார்ந்திருக்கிறார். எழும்பி ஓடினால் வரிசையே பார்க்கும். நான்கையும் மளமளவென்று ஒப்பித்தேன்.

"இது நம்ம ஊர்ல சொல்லுறதுதானே" என்றார். "இதுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தீரு?"

அந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"கூட்டுக்காரன்கிட்ட போய்ச் சொல்லும்" என்றார்.

"சாமி, அம்பத்திமூணு மணியும் செபமால சொல்லுதேன். வேணும்னா வேளாங்கண்ணிக்கு நடந்தே போறேன்."

"உம்ம பட்டறையில இருந்து அவரு வீடு எத்தன வீடு?"

"நாலு வீடு, சாமி."

"வேளாங்கண்ணிய விட பக்கம்தான். நடந்தே போயிரலாம்."

அந்த நாலு வீட்டைக் கடக்க எனக்கு ஒரு ராத்திரியும் ஒரு காலையும் ஆயிற்று. டீ குடித்துவிட்டுச் சொல்லலாம், ஏலம் முடியட்டும், ஆபரேஷன் நல்லபடி முடிந்தால் சொல்லவே வேண்டாமே என்று சோதனை மறுபடியும் அக்கறையோடு கூடவே வந்தது. புதன்கிழமை ஏலம் முடிந்து அவன் கை கழுவிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். "மக்கா, அந்தக் கடுதாசிய எழுதினது நானாக்கும்."

சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். அடிப்பான் என்று காத்திருந்தேன், அடித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். "ஏலே, நீயும் கூட நின்னு குடிச்சேல்லா?" என்றான். "வண்டிய எடு" என்றான். நெய்யூர் வரைக்கும் பின்னால் உட்கார்ந்து வந்தான்.

வார்டில் தம்பி மெலிந்து போய்ப் படுத்திருந்தான். அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் நின்றான். நான் மறுபடியும் சொன்னேன்.

"தெரியும் அண்ணே" என்றான் தம்பி. "அன்னைக்கு சாமி என்னக் கூப்பிட்டு, இது உண்மையான்னு கடுதாசியக் காட்டினாரு. பொய்யின்னு சொல்லிட்டு வந்தேன். உம்ம பில் புக் தாளு அது. பேரக் கிழிச்சீரு, தாளு ரோஸ் கலருல்லா? பெருவிரலு ஆயிலும் அப்பியிருந்து. சாமி ஊருக்குப் புதுசு, அவருக்குத் தெரியல்ல."

"தெரிஞ்சும் ஏம்லே சொல்லல்ல?" என்றது அண்ணன்.

"அவருக்க மொவளுக்குக் கல்யாணம் பேசிட்டிருந்த நேரம். தகப்பன் மொட்டக் கடுதாசி எழுதுறவன்னு தெரிஞ்சா அந்த வீட்டுக்காரனுவ வந்திருப்பானுவளா?"

என் மகள் இப்போது மார்த்தாண்டத்தில் மாமியார் வீட்டில் நன்றாக இருக்கிறாள். போன மாதம்தான் பிள்ளைத்தாய்ச்சியாக வந்துபோனாள். நான் அந்த வார்டில் நாலு பேர் பார்க்க வாய்விட்டு அழுதேன். என் கூட்டுக்காரன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து, "தின்னியாலே?" என்று கேட்டான். மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் விசாரிப்பு. பிறகு என்னிடம், "நீ வெளிய நில்லு" என்றான். வெளியே நின்றேன்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் வெளியே எடுக்க முடியாது, எடுக்காமல் அவனுடைய இடமும் திரும்ப வராது. அதனால் இன்னொரு கடுதாசி எழுதினேன். வலது கையால், பட்டறைப் பெயர் போட்ட முழு ரோஸ் தாளில், கையெழுத்து வைத்து. குடித்தது இரண்டு பேர் என்றும் எழுதினேன், தாளில் இடம் தாராளமாக இருந்தது. நவநாளில் வாசிக்கலாம் என்று கீழே குறித்து அந்தோனியார் பெட்டியில் போட்டேன். வாசித்தார்கள். அன்றிலிருந்து இரண்டு படகுக்காரர்கள் என்ஜினை வேறு பட்டறைக்குக் கொண்டுபோகிறார்கள்.

பெரிய வெள்ளியன்று அவன் மைக்குக்கு வந்துவிட்டான். என்னை விட்டுவிடும்படி சாமியாரிடம் கெஞ்சினேன். யூதாஸுக்கு வேறு ஆள் இல்லை என்றார். நெய்யூருக்குப் பிறகு அவன் பட்டறைக்கு வரவுமில்லை, என்னிடம் பேசவுமில்லை. யூதாஸை எப்படியோ தாண்டிவிட்டேன். பேதுரு மறுதலிக்கிற இடத்தில் எனக்குக் குரல் நின்றுபோயிற்று. கோயில் முழுக்கக் காத்திருந்தது. அடுத்த வரி அவனுடையது, நான் விட்டதை விட்டபடி அவன் வாசித்துப் போயிருக்கலாம். போகவில்லை. நான் சொல்லி முடிக்கும் வரை தாளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வழிபாடு முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றான். தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"என்னலே, சளியா?"