பிள்ளைக்குச் சொல்லாத ஸ்கான் முடிவு

கோப்பாய்ப் பக்கத்தில் நான் குடும்பநல உத்தியோகத்தராக இருந்தபோது, ஒருநாள் தவமணி என்ற தாய் என் கிளினிக் முடியும்வரை காத்திருந்து, ஒரு ஸ்கான் ரிப்போர்ட்டை என் மேசையில் வைத்தார். மகள் தர்சினிக்குப் பதினாறு வயது. இன்னும் பெரியபிள்ளையாகவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்பியது நான்தான்.

சூலகங்கள் இரண்டும் சரி. கர்ப்பப்பை பிறப்பிலேயே உருவாகவில்லை. யோனிக் குழாயும் முழுதாக வளரவில்லை. வெளித் தோற்றத்தில் ஒரு வித்தியாசமும் இல்லாததால் அதுவரை யாரும் சந்தேகப்படவில்லை.

“டொக்டர் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவர். இருத்தி விளக்கமாக் கதைக்கவேணுமாம். நான் கூட்டிக்கொண்டு போகமாட்டன், மிஸி. அவளுக்கு உது தெரியவேண்டாம்.”

“என்னெண்டாலும் ஒருநாள் தெரியத்தானே வேணும், தவமணி?”

“அவளுக்குப் பின்னாலை கரைசேர்க்க இன்னுமொரு குமர் இருக்கு. உங்களைக் கும்பிட்டன், மிஸி.”

பிள்ளை திரும்பக் கிளினிக்குக்குப் போனாளா என்று பார்ப்பது என் வேலை. நான் பார்க்கவில்லை. அதை இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதத்தில் தர்சினி பெரியபிள்ளையாகிவிட்டாள் என்று சாமத்திய வீட்டுக்கு அழைப்பிதழ் வந்தது. போகாவிட்டால் ஊரில் கதை வரும் என்று போனேன். மண்டபம் நிறையச் சனம். பிரான்சிலிருந்து மாமன் வந்திருந்தார். உடுப்பு மாற்றும் அறையில் தர்சினி என் கையைப் பிடித்தாள்.

“மிஸி, எனக்கு நித்திரையிலை வந்ததெண்டு அம்மா சொல்லுறா. நான் எழும்ப முதல் துணியைத் தான் மாத்திப்போட்டாவாம். நான் ஒண்டும் காணேல்லை. பிறகும் வரேல்லை. இது சரியோ?”

வெளியே படம் எடுப்பவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“சிலருக்கு அப்பிடித்தான், பிள்ளை. பிறகு வரும்” என்றேன்.

பொய் என்று தெரிந்தே சொன்னேன்.

எட்டு வருடம் கழித்து அவளுக்குக் கலியாணம் நடந்தது. இரண்டு மாதத்தில் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விஷயம் அறிந்து போனேன். முற்றத்தில் கதிரை போட்டு இருந்தாள். எழும்பவில்லை.

“அவரோடை இருக்கேக்கை எனக்கு நோவு தாங்கேலாமல் இருந்தது. மாமிதான் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனவா. அவையளுக்கு முன்னாலை வைச்சுத்தான் எனக்கே சொன்னவை. நாங்கள் ஏமாத்திப்போட்டமாம்.” என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: “உங்களுக்கு முதலே தெரியுமோ, மிஸி?”

“ஓம்.”

“நான் மாதாமாதம் வருமெண்டு பார்த்துக்கொண்டிருந்தனான். மற்றப் பிள்ளையள் காணட்டுமெண்டு பள்ளிக்கூடப் பையிலை பாட் வைச்சிருந்தனான். டொக்டரிட்டைப் போவமெண்டு கேட்டால், கலியாணம் முடியச் சரிவருமெண்டுதான் அம்மா சொல்லுவா.”

அவள் அழவில்லை. குசினி வாசலில் நின்ற தவமணிதான் அழுதார்.

அடுத்த கிழமை நானே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெண்நோயியல் நிபுணர் ஒரு மணித்தியாலம் இருந்து கதைத்தார். பயிற்சியாலேயே குழாயை மெல்ல மெல்ல விரிக்கலாம், பலருக்கு ஒப்பரேஷன் தேவைப்படாது, தாம்பத்தியத்துக்குத் தடை இராது என்றார். வயிற்றில் பிள்ளை சுமக்க முடியாது என்பதையும் மறைக்கவில்லை.

“இதை முதலே சொல்லியிருந்தால் நான் கலியாணம் பேசேக்கையே அவரிட்டைச் சொல்லியிருப்பன், டொக்டர். வேண்டாமெண்டு சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. கள்ளி எண்ட பேர் வந்திராது.”

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். திரும்பி வந்த பஸ்ஸில் அவள் வேறு சீட்டில் போய் இருந்தாள்.

விவாகரத்து முடிந்துவிட்டது. கொடிகாமத்தில் ஒரு கடையில் வேலை செய்கிறாள். கிளினிக்குக்குத் தனியே போய்வருகிறாள் என்று கேள்வி. என்னோடு கதைப்பதில்லை. அதற்காக அவளை நான் குறை சொல்லமாட்டேன். தங்கச்சிக்கு இன்னும் சம்பந்தம் சரிவரவில்லை.

நான் ஓய்வுபெற முன்னர் அதே மாதிரி இன்னொரு பிள்ளையும் வந்தாள். தாயையும் அவளையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்திச் சொன்னேன். தாய் என்மேல் மேலிடத்துக்கு முறைப்பாடு கொடுத்தார். விளக்கக் கடிதம் எழுதினேன். ஆனால் அந்தப் பிள்ளை, நான் சொன்ன மறுநாளே தனியே வந்து, இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது என்றாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். தாய் கும்பிடுவார், அழுவார். அழட்டும். பிள்ளையைக் கூப்பிட்டு இருத்திக் கதையுங்கள்.