வள்ளல் கொடுத்த ரத்தம்

மூக்குக் கண்ணாடிக் கடையில் அவனுக்கு வள்ளல் என்று பெயர். யாரும் உருகி வைத்த பெயரில்லை. ரத்தம் கொடுத்துவிட்டு வருகிற நாளில் முழங்கை மடிப்பில் ஒட்டிய பஞ்சைச் சாயங்காலம் வரை பிய்க்க மாட்டான். அரைக்கையைத் தோள்வரை மடித்துவிட்டுக்கொண்டு, கடைக்குள் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடப்பான். "கையில என்னப்பா?" என்று யாராவது கேட்டுத் தொலைத்தால் போச்சு. தன்னுடையது பி நெகட்டிவ், லட்சத்தில் ஒருத்தனுக்குத்தான் உண்டு என்று ஆரம்பித்துவிடுவான். லட்சம் என்பது அவனாகச் சேர்த்துக்கொண்டது. யார் போய்க் கணக்குப் பார்க்கப் போகிறார்கள்?

பிரேம் எடுத்துக் காட்டுவதும், கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொள்வதும்தான் அவன் வேலை. பிறவியிலேயே தான் வாங்கி வந்த உத்தியோகம் அந்த ரத்த வகை என்பது அவன் நினைப்பு.

முப்பதைத் தாண்டியும் முகப்பரு அவனை விடவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வருகிற சின்னப் பொரிகள் இல்லை. கன்னத்திலும் தாடையிலும் முதுகிலும் கட்டி கட்டியாக எழும்பும், தொட்டால் உயிர் போகும், உடைந்தால் சீழ் வடியும், ஆறினால் குழி விழும். அதற்காக யாரும் அவனைக் கேலி செய்யக் கூடாது. அது நோய், யாருக்கும் வரலாம். அந்த நோயை அவன் மறைத்துத் திரிந்த அழகைத்தான் சகிக்க முடியாது. கடை முழுக்க நிலைக்கண்ணாடி. பிரேம் மாட்டிப் பார்க்கிறவர்களின் முகத்துக்குப் பின்னால் தன் முகமும் தெரியும் என்பதால், கண்ணாடியில் கழுத்துக்குக் கீழே மட்டும் விழுகிற மாதிரி ஒதுங்கி நிற்கப் பழகிக்கொண்டான். வாடிக்கையாளர் படி இறங்கியதும் அவர் மூக்கு சப்பை, இவருக்கு முகமா அது என்று வாய் கிழியப் பேசுவதும் அவன்தான்.

கடைசியில் தோல் டாக்டரிடம் போனான். பக்கத்துத் தெருவில் ஒருவர் இருந்தும், ஊரின் மறுகோடிக்கு பஸ் ஏறி, மாஸ்க் போட்டுக்கொண்டு போனான். அந்த டாக்டரம்மா வளவளவென்று பேசாதவர். பார்த்தார், தொட்டார், குழிகளை எண்ணினார். தினமும் விழுங்க வேண்டிய மாத்திரை எழுதினார்.

"இது வைட்டமின் ஏ குடும்பத்து மருந்து. வைட்டமின்னு பேர் வர்றதால சத்து மாத்திரைன்னு நினைச்சுடாதீங்க. கவனமா சாப்பிட்டா முகம் சரியாகும். கவனமில்லாம சாப்பிட்டா வேற வம்பு."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது, கொழுப்புள்ள சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும். ஆரம்பிக்கும் முன்னும் நடுநடுவிலும் ஈரலுக்கும் கொழுப்புக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. உதடு காயும், கண் உலரும், வெயில் சீக்கிரம் சுடும். வேறு வைட்டமின் ஏ மாத்திரை சேர்க்கக் கூடாது, தன்னைக் கேட்காமல் வேறு எந்த மருந்தும் கூடாது. தலைவலியோடு பார்வை மங்கினாலோ, மனசு காரணமில்லாமல் சோர்ந்து கிடந்தாலோ நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும். நமக்குக் குணமாயிற்றே என்று யாருக்கும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. முக்கியமாகப் பெண்களுக்கு. கர்ப்பிணி சாப்பிட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஊனம் வரும்.

"ரத்தம் கொடுக்கிற பழக்கம் உண்டா?"

கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். பி நெகட்டிவ் புராணத்தை எடுத்துவிட்டான். டாக்டரம்மா பாதியில் வெட்டினார்.

"இனிமே கிடையாது. மருந்து சாப்பிடுற வரைக்கும் கூடாது, நிறுத்தி ஒரு மாசம் ஆகிற வரைக்கும் கூடாது. உங்க ரத்தம் எந்தக் கர்ப்பிணிக்குப் போகும்னு யாருக்குத் தெரியும்?"

தலையாட்டினான். மற்றதையெல்லாம் ஒரு சொல் பிசகாமல் கடைப்பிடித்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சாப்பாட்டில் முட்டை இருக்கிறதா என்று அம்மாவைத் தினம் நச்சரித்தான். பரிசோதனைக்கு நாள் தவறாமல் போனான். சட்டைப்பையில் உதட்டுக் களிம்பு, கால்சட்டைப் பையில் கண் சொட்டு மருந்து. தன் தோலைப் பற்றிய கட்டளை எல்லாம் அவனுக்கு வேதவாக்கு. அடுத்தவர் பிள்ளையைப் பற்றிய ஒன்று மட்டும் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே உதிர்ந்துவிட்டது.

சில மாதங்களில் முகம் தெளிந்தது. என்ன செய்தாய் என்று கேட்டவர்களிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதே அவதியில் இருக்கிற நாலு பேராவது டாக்டரிடம் போயிருப்பார்கள். அவன் என்ன சொன்னான் தெரியுமா? நிறைய தண்ணீர் குடிக்கிறானாம், சீக்கிரம் தூங்கிவிடுகிறானாம், மனசில் கெட்ட எண்ணம் கிடையாதாம். பரு வந்தவனெல்லாம் கெட்ட எண்ணக்காரன் என்று அர்த்தம். மருந்து இவன் வயிற்றுக்குள் போகிறது, இவன் ஒழுக்கத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறான்.

கடை தொடங்கிய நாளைக் கொண்டாட முதலாளி மாடியில் ரத்ததான முகாம் வைத்தார். ரத்த வங்கியிலிருந்து நர்சுகளும் மடக்குக் கட்டில்களும் வந்து இறங்கின. முதல் ஆளாக வள்ளல்தான் என்று முதலாளி அறிவித்துவிட்டார். உடம்பு சரியில்லை என்று லீவு போட்டிருக்கலாம், அன்று காலை காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். பொய்யில் ஊறின ஆளுக்கு அந்த ஒரு நல்ல பொய் வரவில்லை. எல்லாரும் கைதட்டும்போது அவனுக்கு மூளை வேலை செய்யாது.

நர்சம்மா மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். எல்லாரிடமும் கேட்பதுதான். பின்னால் முதலாளி நிற்கிறார், லென்ஸ் அறுக்கிற பெரியவர் நிற்கிறார், கல்லாவில் உட்காரும் பெண் பழச்சாறு தட்டோடு நிற்கிறாள்.

"முகப்பருவுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் செலவு. அவன் சிரித்தான்.

"என் முகத்தைப் பார்த்தா அப்படியா தெரியுது?"

நர்சம்மா வழவழப்பான கன்னத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். பொய் சொன்னவனைக்கூட மன்னித்துவிடலாம். பொய்யைப் பெருமையாக்கிச் சொன்னவனை என்ன செய்வது?

ரத்தம் எடுத்தார்கள், போட்டோ பிடித்தார்கள், பையை ஐஸ் பெட்டிக்குள் வைத்தார்கள். பழச்சாறு கொண்டுவந்த கல்லாப் பெண் கொஞ்சம் தயங்கி நின்றாள். சில நாளாகவே அவள் முகம் வெளுத்திருந்தது.

"அண்ணா, யார்கிட்டயும் இன்னும் சொல்லலை. எனக்கு மூணு மாசம். ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்காம், அடுத்த வாரம் ஏத்தியே ஆகணும்னு சொல்லிட்டாங்க. உங்க குரூப்புதான் எனக்கும். இதே பேங்க்ல ஒரு பைகூட இல்லைன்னு கை விரிச்சுட்டாங்க. என் வீட்டுக்காரர் ராப்பகலா அலையுறார். இப்ப நீங்க குடுத்துட்டீங்க. இனி பயமில்லை."

அவன் பழச்சாற்றை ஒரே மடக்கில் குடித்தான். ஐஸ் பெட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு, அவனுக்கும் அவளுக்கும் நடுவே வழி கேட்டுப் படியிறங்கினார்கள். கை நீட்டினால் தொடுகிற தூரம்.

"நல்லா ரெஸ்ட் எடும்மா" என்றான்.

அன்று பிற்பகல் அவன் பட்டது மனவேதனை என்று யாரும் ஏமாற வேண்டாம். முதலில் யோசித்தது, பிள்ளைக்கு ஏதாவது ஆனால் தன்னைக் கண்டுபிடிப்பார்களா என்பதை. ஒரு பை ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருந்துவிடப் போகிறது, டாக்டர்கள் எல்லாவற்றையும் பெரிதுபடுத்துவார்கள் என்று அடுத்ததாகத் தன்னையே சமாதானம் செய்துகொண்டான். கல்லாப் பெண் கீழே புருஷனிடம் போனில் சிரித்துப் பேசுவது கேட்டது. பல நாளுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரிப்பே கடையில் கேட்டது. அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. லென்ஸ் அறுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, மெஷினை ஓடவிட்டு, ரத்த வங்கிக்கு போன் செய்தான்.

தன் நண்பன் ஒருத்தன் இன்று ரத்தம் கொடுத்தான் என்றான். பாவம், முகத்துக்கு மாத்திரை சாப்பிடுவதைச் சொல்ல மறந்துவிட்டான் என்றான். மருந்தின் பெயரைக் கேட்டதும் அந்தப் பக்கத்துப் பெண் குரல் மாறியது.

"நல்லவேளை சொன்னீங்க. எந்தப் பைன்னு பார்க்கணும், அவர் பேரும் பிறந்த தேதியும் அவரே சொல்லணும். பேசச் சொல்லுங்க."

"இருங்க, கூப்பிடுறேன்."

போனை உள்ளங்கையால் பொத்தினான். கொஞ்ச நேரம் விட்டான். பிறகு தொண்டையைக் கனைத்து, குரலைக் கட்டையாக்கி, "ஹலோ" என்றான். மீசை முளைத்த ஆம்பிளை.

"சொல்லுங்க சார்" என்றாள் அந்தப் பக்கத்துப் பெண். பிறகு விவரங்களை வாங்கிக்கொண்டாள். பையைத் தனியாக எடுத்து வைத்து அழித்துவிடுவோம் என்றாள். மருந்து முடிந்து ஒரு மாதம் கழித்து வரலாம் என்றாள். "உங்க ஃப்ரெண்டுக்கு என் நன்றியைச் சொல்லிடுங்க" என்று வைத்துவிட்டாள்.

வெளியே வந்தவன் முகத்தில் ஒரு தெளிவு. ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நினைப்பு அதற்குள் வந்துவிட்டது அவனுக்கு. வீட்டில் போய் நிம்மதியாகச் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டான்.

மறுநாள் கல்லாப் பெண் புருஷனைத் தூங்கச் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னாள். இனி அலைய வேண்டாம், பை இருக்கிறது என்று சொல்லிவிட்டாளாம். அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. இல்லாத பையை நம்பி அவர்கள் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். வங்கிக்காரர்களே சொல்லிவிடுவார்கள் என்று காலை முழுக்கக் காத்திருந்தான். யாரும் சொல்லவில்லை. மதியம் அவள் சில்லறை எடுக்க எழுந்தவள் கண் இருட்டி, மேசையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்தாள். அவன்தான் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தான்.

"ஒரு வாரம்தானே அண்ணா. உங்க புண்ணியத்துல சமாளிச்சுடுவேன்."

"அந்தப் பையை நம்பாதேம்மா" என்றான். "நான் முகத்துக்கு மாத்திரை சாப்பிடுறேன். பருவுக்கு. அது வயித்துப் பிள்ளைக்கு ஆகாது. அழிக்கச் சொல்லிட்டேன்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நேத்து நான் சொன்னப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவள் திட்டவில்லை. திட்ட அவளுக்கு நேரமில்லை. போனை எடுத்துக் கடை முழுக்கக் கேட்கிற குரலில் புருஷனை எழுப்பினாள். அண்ணன் ரத்தம் ஆகாதாம், முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிடுறாராம், உடனே கிளம்பி வேற ஆள் பாருங்க என்றாள். பிறகு போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவனைக் கேட்டாள்.

"இத்தனை வருஷமா குடுக்கிறீங்களே, இதே குரூப்புல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

ஒருத்தரும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவனின் பெயரைக்கூட அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. தன்னைத் தவிர இன்னொரு பி நெகட்டிவ் இருப்பதே அவனுக்குப் பிடிக்காது.

"என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு அந்த குரூப்புதான்" என்றார் முதலாளி, கணக்கிலிருந்து தலை நிமிராமல். "ரொம்ப வருஷமா குடுக்கிறார். இரும்மா, இப்பவே வரச் சொல்றேன்."

அவர் போனில் பேசி முடிக்கும்வரை வள்ளல் அங்கேயே நின்றான். பிரேம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் திரும்பவில்லை. லென்ஸ் பெரியவர் தன் பாட்டுக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலாளி போனை வைத்ததும், அவன் மெல்ல அருகே போய், நான் சொல்லாததற்குக் காரணம் என் முகம் சார், எல்லாரும் பார்த்து என்று இழுத்தான்.

முதலாளிக்கு விளங்கவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"உன் முகத்தை யாருய்யா பார்த்தா?"

கேட்டுவிட்டு, வாசலில் நின்ற பெண்மணிக்கு பிரேம் எடுத்துக் காட்டச் சொன்னார்.