மாமா எடுத்த முப்பத்தாறு படங்கள்

துபாயிலிருந்து முதல் லீவில் வந்த என் மாமாவின் கழுத்தில் ஒரு காமிரா தொங்கியது. அதன் லென்ஸே என் முழங்கை நீளம் இருக்கும். அது வந்த நாளிலிருந்து சித்தியின் பிளாஸ்டிக் காமிராவுக்கு வீட்டில் மரியாதை போய்விட்டது. சித்தி மாமாவுக்குத் தங்கை. அந்த பிளாஸ்டிக் காமிரா அவள் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் வாங்கியது.

"இத்த வெச்சிகினு இன்னா புடிப்ப நீ? சோப்பு டப்பா மாதிரி கீது" என்றார் மாமா.

"எடுக்கத் தெரிஞ்சா சோப்பு டப்பாவே போதும்ணா" என்றாள் சித்தி.

சரி, யார் படம் நன்றாக வருகிறது பார்த்துவிடலாம் என்று குன்றத்தூர் மலைக்கும் மணிமங்கலம் கோயிலுக்கும் கிளம்பினோம். அம்மாவும் நானும் இருவருக்கும் மாற்றி மாற்றிப் பல்லைக் காட்டினோம். மாமா ஒரு படம் எடுப்பதற்குள் சுடுதரையில் கால் வெந்துவிடும். சித்தி பேச்சோடு பேச்சாகத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.

அது 1991. ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அங்கே கிடந்த ஒரு காமிராவைப் பற்றித்தான் டீக்கடைகளில் பேச்சு; அதன் படங்களில் விழுந்த முகங்களைத்தான் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் படம் எடுப்பவர்கள்கூடப் பையை மறைத்துக்கொண்டு நடந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய மாமாவுக்கு இது உறைக்கவில்லை. திரும்பும் வழியில் படப்பை என்ற ஊரில் பஸ்ஸுக்கு நின்றபோது, வண்டிகளைச் சோதனை போட்டுக்கொண்டிருந்த போலீசார் பக்கம் அந்த நீள லென்ஸைத் திருப்பினார், பாவி மனுஷன்!

அவ்வளவுதான். இரண்டு பேர் ஓடிவந்து சட்டையைப் பிடித்தார்கள். மாமா போட்ட கூச்சலில் எனக்கு நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது.

மாமாவை அன்று விடவில்லை. மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனபோது இன்ஸ்பெக்டர் கழுவின ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். முழு நீளத்துக்கும் ஒன்றுமே இல்லை.

"ஊரெல்லாம் சுத்திப் படம் புடிச்சேன்ன. இதுல ஒண்ணுகூட இல்ல. நெஜ ரோல எங்கடா மாத்தின?"

"சாமி சத்தியமா சார்! அத்தினியும் எங்க வூட்டு ஆளுங்க படந்தான்!"

மாமா ரோலின் நுனியை உருளையில் சரியாகக் கோக்கவில்லை. முப்பத்தாறு தடவையும் காமிரா வெறுமனே சத்தம் போட்டிருக்கிறது. இது எனக்கு வளர்ந்த பிறகு தெரிந்த விஷயம். அன்று நான் நம்பியது வேறு: படம் ஒழுங்காக எடுக்கத் தெரியாதவர்களைப் போலீஸ் பிடிக்கும். என் கணக்கு மார்க்கு அவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று அம்மா பின்னால் ஒளிந்துகொண்டேன்.

சித்தி வெளியே ஓடினாள். தாம்பரத்தில் தன் ரோலைக் கழுவிப் பிரிண்டு போட்டுக்கொண்டு அவள் வரும்வரை நாங்கள் ஸ்டேஷன் வாசல் வேப்ப மரத்தடியில் நின்றோம். உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை. அதுதான் அம்மாவை அழவைத்தது.

சித்தியின் படங்களில் மாமா இல்லாத இடமில்லை. மலைப்படியில் மண்டியிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குளக்கரையில் அம்மாவையும் என்னையும் நிறுத்திவைத்துக்கொண்டு, என்னைத் தோளில் தூக்கிச் சிரித்துக்கொண்டு. இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மாமா என்னைத் தோளில் தூக்கிய அந்தக் கடைசிப் படத்தை மட்டும் தன் ஃபைலில் வைத்துக்கொண்டு, "கூப்ட்டா வரணும்" என்று மாமாவை அனுப்பிவிட்டார்.

வீட்டு வாசலை மிதித்ததும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். "எங்க சித்திதான் ஜெயிச்சாங்க! போலீஸே ஆசப்பட்டு எங்க படத்த எடுத்து வெச்சிகிச்சி!"

அம்மா என் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டாள். ஜெயித்த சித்தியோ எல்லோரையும்விட அதிகமாக அழுதாள். "ரெண்டு பேர் மூஞ்சியும் இத்தினி தெளிவா வுழுற மாதிரி எடுத்துத் தொலைச்சிட்டனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

படம் தெளிவாக வந்ததற்கு ஒருத்தி ஏன் இப்படி அழவேண்டும் என்று எனக்கு அன்று புரியவில்லை.