சுட்ட அன்னாசி

என் அப்பாவுக்கு ஹவுராவை அடுத்த சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை. எனக்கு அலிப்பூரில் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் உத்தியோகம். ஜாதகம் பொருந்திய பையன் காளிகாட்டில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறான் என்று தெரிந்ததும், சொல்லாமல் போய்ப் பார்த்துவிடுவது என்று அப்பா தீர்மானித்தார். சொல்லிவிட்டுப் போனால் யார் வீடும் சுத்தமாகத்தான் இருக்கும் என்பது அவர் கட்சி. ஆனால் சந்துக்குள் வழி கேட்க அவருக்கு வங்காளி வராது. எனக்குத் தமிழைவிட அதுதான் நன்றாக வரும். அம்மா முணுமுணுக்க, நானும் கிளம்பினேன்.

மே மாத ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் போயிருந்த நேரம். எல்லோரும் மாசிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடும் வீட்டுக்கார அம்மாள் வாசலில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விசாரித்ததும் மொட்டை மாடியைக் காட்டினாள்.

மாடியில் லுங்கியும் பனியனுமாக ஒருவர் கரி அடுப்பின் முன் குந்தியிருந்தார். அடுப்பின் மேல் ஒரு கம்பி வலை. அதில் வட்டம் வட்டமாக அன்னாசிப் பழத்துண்டுகள்.

"யார் வேணும்?"

"சாந்த்ராகாச்சிலேர்ந்து வரோம்" என்றார் அப்பா.

பெண் வீட்டார் என்று அடுப்பு முன் இருந்தவருக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. எழுந்தவர் மறுபடி குந்திக்கொண்டார்.

"ஒரு நிமிஷம் சார். இப்பத் திருப்பலைன்னா கருகிடும்."

"நீங்க போய்ச் சட்டை போட்டுண்டு வாங்கோ. நான் பாத்துக்கறேன்" என்று இடுக்கியை வாங்கிக்கொண்டேன். அப்பா என்னை முறைத்தார். அந்தப் பதற்றத்தில் ஒரு துண்டைக் கரியில் தவறவிட்டேன்.

சட்டையோடு வந்தவரிடம் அப்பா கேட்டார். "பழத்தைப் போய் யாராவது சுடுவாளா?"

"நேத்து வாங்கினது சார், ஒரே புளிப்பு. மாசிமா சர்பத்துக்கு மாங்காய் சுட்டா. தணல் மிச்சம் இருந்தது. சுட்டா இதுவும் இனிக்குமோன்னு பாத்தேன்."

சுட்ட துண்டுகளை நறுக்கி, வெள்ளரிக்காய், வெங்காயம், ஊறவைத்த பயத்தம்பருப்பு, பச்சை மிளகாயோடு கலந்தார். எலுமிச்சை பிழிந்தார். அதற்குள் மேலே வந்த மாசிமா, யாரையும் கேட்காமல் இரண்டு சொட்டு கடுகெண்ணெய் விட்டுவிட்டு, கடமை முடிந்த மாதிரி இறங்கிப் போனாள். கடுகெண்ணெய் வாசனைக்கு அப்பா தெருவையே மாற்றி நடப்பவர். தட்டை வாங்கி அன்னாசியை மட்டும் பொறுக்கிப் பொறுக்கித் தின்றார். தின்றார் என்பதே எனக்கு ஆச்சரியம்.

எனக்குப் பிடித்திருந்தது. விளிம்பில் கரிந்த கசப்பு, உள்ளே சுடச்சுட இனிப்பு, நடுவில் வெள்ளரியின் குளிர்ச்சி.

அப்போது அவர், என் அப்பாவுக்குப் புரியாதபடி, தப்பும் தவறுமான வங்காளியில் என்னைக் கேட்டார். "கேமோன் ஹொயேச்சே?" எப்படி இருக்கிறது என்று.

"நூன் கொம்" என்றேன். உப்பு குறைவு.

அவர் சிரித்துவிட்டு உப்பு எடுக்க ஓடினார்.

திரும்பும்போது டிராமில் அப்பா கேட்டார். "அந்தப் பையன் என்ன கேட்டான்?"

"எப்படி இருக்குன்னு கேட்டார். உப்பு கம்மின்னு சொன்னேன்."

"அதுக்கு எதுக்கு வங்காளி?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். டிராம் ஹவுரா பாலத்தில் ஏறியது. காற்று வந்ததும் அப்பா, "ரூம் சுத்தமாத்தான் இருந்தது" என்றார். ரூமுக்குள் நாங்கள் போகவே இல்லை என்பதை நான் நினைவுபடுத்தவில்லை.

ஐப்பசியில் கல்யாணம் நடந்தது. அடுத்த கோடையில் எங்கள் புது வீட்டு ஸ்டவ்வில் ஒரு அன்னாசியைச் சுட்டேன். கெரசின் நாற்றம் தாங்கவில்லை. அவர் ஒரு வாய் தின்றுவிட்டு, கரி அடுப்பு விற்கிற கடை எங்கே என்று விசாரிக்கக் கிளம்பினார்.