இரண்டு என்று சொல்லியிருந்தாள்

என் மனைவியின் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தால் இரண்டு வருடமாக ஒரே விளையாட்டுதான். டி.வி. ரிமோட்டை எடுத்து என்னிடம் நீட்டுவார்.

"மாப்ள, ரெண்டாம் நம்பரை அமுக்குங்க பாக்கலாம். ரெண்டு. ஒண்ணு இல்ல. ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்குமே, அது."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என் மனைவி மட்டும் "விடுண்ணா, அவருக்கு இன்னா தெரியும்" என்று எனக்காகப் பேசுவாள். என் மகள் சிரிக்கவும் மாட்டாள், பேசவும் மாட்டாள்.

அந்தக் கேலி எனக்கு வசதியாக இருந்தது. ஏன் என்று இங்கே எழுதுகிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது.

நான் பெங்களூரில், ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்தவன். பத்தாவது வரை படித்தேன். ஏழாவது வரை தமிழ், பிறகு கன்னடம். இரண்டையும் தடங்கல் இல்லாமல் படிப்பேன். வேலை ஒரு பெரிய ஹோட்டலின் லாண்டரியில். பேஸ்மென்டில் நின்று படுக்கை விரிப்புகளை நீராவி மெஷினுக்குள் விட வேண்டும். அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. இருபத்து மூன்று வருடமாக அங்கேயே இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மேலே ரூம் வேலைக்கு இரண்டு முறை கூப்பிட்டார்கள். விருந்தாளிகளோடு பேச வேண்டியிருக்கும் என்று போகவில்லை.

எனக்குப் பதிலாகப் பேசியது என் மகள். ஒரே பிள்ளை. ஒன்பது, பத்து வயதிலேயே ஆரம்பித்துவிட்டாள். சிலிண்டர் வரவில்லை என்றால் போனை என் கையிலிருந்து பிடுங்கி, "சார், புக் மாடி எண்ட்டு தினா ஆய்த்து" என்று, புக் பண்ணி எட்டு நாள் ஆச்சு என்று, கன்னடத்தில் சண்டை போடுவாள். வீட்டு ஓனரிடம் அவள்தான். பேங்கில் அவள்தான். என் சூப்பர்வைசரிடம் லீவு கேட்டதுகூட ஒருமுறை அவள்தான். கல்யாண வீட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பரிமாறுகிறவர் என் இலையைத் தாண்டிப் போனால், "அண்ணா, எங்கப்பாவுக்கு இன்னொரு அப்பளம்" என்று கத்துவாள். நான் எந்தப் பந்தியிலும் இரண்டாம் முறை எதையும் கேட்டதில்லை. முதலில் விழுந்தது போதும் என்று எழுந்துவிடுவேன்.

எங்கள் தெருவில் ஒருவர் இரண்டு பசு வைத்திருக்கிறார். ஒரு மழைநாளில் அதில் ஒன்று கன்று போட முடியாமல் கிடந்தது. ஸ்கூட்டரில் ஒரு பெண் டாக்டர் வந்தார். தோள்வரை கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே கையை விட்டார். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்து, "சும்மா நிக்காதே, வாலைப் பிடி" என்று அதட்டினார். இவள் பிடித்தாள். பன்னிரண்டு வயது. அன்று சாப்பிடும்போதுகூடக் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து அவளுக்குக் கால்நடை மருத்துவம்தான். வேறு எதையும் அவள் கேட்டதில்லை.

நுழைவுத் தேர்வுக்கு அவள் படித்த இரண்டு வருடமும் நாங்கள் டி.வி. போடவில்லை. என் மனைவி டிபன் டப்பாவோடு கோச்சிங் சென்டர் வாசலில் நிற்பாள். நான் செய்தது ஒன்றே ஒன்று. கன்னடத்தில் வரும் அறிவிப்புகளை அவளுக்குப் படித்துக் காட்டுவேன். அவளுக்கும் கன்னடம் தெரியும், இருந்தாலும் இங்கிலீஷ்தான் கைக்குச் சுலபம். "நீ படிப்பா, நான் எழுதிக்கிறேன்" என்பாள். அந்த வேலை எனக்குப் பெருமையாக இருந்தது.

ரேங்க் நன்றாகத்தான் வந்தது. சீட் ஒதுக்கும் கவுன்சலிங்கின் முதல் சுற்றில் அவள் கேட்டது கிடைக்கவில்லை. பட்டியலில் கீழே போட்டிருந்த பார்மசி கிடைத்தது. காலேஜ் எங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ். ஹாசனில் கால்நடை மருத்துவம் மயிரிழையில் தவறிப் போயிருந்தது. அடுத்த சுற்றில் நிச்சயம் தன் ரேங்க் வரை இறங்கி வரும் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

முதல் சுற்று முடிந்ததும் இணையதளத்தில் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று என்றால், கிடைத்தது போதும், இத்தோடு முடிந்தது. இரண்டு என்றால், இது கையில் இருக்கட்டும், அடுத்த சுற்றில் மேலே உள்ளது வந்தால் அதை எடுத்துக்கொள்கிறேன். மூன்று, இது வேண்டாம், அடுத்த சுற்றைப் பார்க்கிறேன். நான்கு, எதுவுமே வேண்டாம். மூன்று நாள் கொடுத்திருந்தார்கள்.

அந்த மூன்று நாளும் அவள் டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. கையில் டிரிப்ஸ். கடைசி நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "ப்பா, ரெண்டு. மறக்காத. ரெண்டு போடு. ஓ.டி.பி. உன் நம்பருக்குத்தான் வரும். உனக்குத்தான் படிக்கத் தெரியுமே, பாத்து செய்" என்றாள். என் மனைவி வாணியம்பாடிக்காரி. அவளுக்குக் கன்னடமும் வராது, இங்கிலீஷும் வராது. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நான் கீழே இறங்கினேன். மருந்துச் சீட்டில் கையெழுத்து வாங்க கவுன்டரில் நிற்க வேண்டியிருந்தது. உள்ளே இருந்தவன் எதையோ கேட்டான். என்ன கேட்கிறான் என்று எனக்கு நன்றாகவே புரிந்தது. எந்த வார்டு, எந்தக் கட்டில், அவ்வளவுதான். எனக்கு வாய் வரவில்லை. பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவன் மறுபடியும் கேட்டான். பிறகு கத்தினான். "பாய் இல்வா நினகே?" வாய் இல்லையா உனக்கு என்று. வரிசை சிரித்தது. ஒரு அம்மாள், "ஊமை போலிருக்கு, பாவம்" என்று தமிழிலேயே சொன்னாள்.

ஹாசன் எவ்வளவு தூரம் என்று அப்போதுதான் நினைத்தேன். ஐந்தரை வருடப் படிப்பு. ஐந்தரை வருடமும் யார் பேசுவார்கள்?

மொபைலில் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டர். அங்கே இருந்தவர் தமிழர். விவரத்தைத் தட்டி, திரையை என் பக்கம் திருப்பினார். இங்கிலீஷிலும் கன்னடத்திலும் நான்கும் இருந்தன. நான் நான்கையும் படித்தேன்.

"எது போடணும்ணா?"

"ஒண்ணு."

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். "ஒண்ணு போட்டா அவ்ளோதான். அடுத்த ரவுண்டு கிடையாது. பொண்ணுகிட்ட கேட்டீங்களா?"

"அவதான் சொன்னா."

"நல்லா யோசிச்சாச்சா? அப்புறம் வந்து என்கிட்ட அழக்கூடாது."

"யோசிச்சாச்சு. போடுங்க."

ஓ.டி.பி. வந்தது. ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். கூடவே பணமும் கட்டி அட்மிஷன் ஆர்டரையும் எடுக்கச் சொன்னேன். என் வாழ்க்கையில் வெளி ஆளிடம் அவ்வளவு தெளிவாக, அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை.

வெளியே வந்து பாதி டீ குடித்தேன். மேலே போய், "போட்டாச்சும்மா" என்றேன். அவள் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

நான்கு நாள் கழித்து அவளே பக்கத்தைத் திறந்து பார்த்தாள். வீட்டுக்கு வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. கஞ்சித் தட்டு மடியில் இருந்தது. "ப்பா, இதுல ஒண்ணுன்னு இருக்கு" என்றாள். நான் தயாராக வைத்திருந்ததைச் சொன்னேன். கடைக்காரர் அவசரப்படுத்தினார், இங்கிலீஷில் என்னவோ இருந்தது, எனக்குப் புரியவில்லை.

"கன்னடத்துலயும் இருந்திருக்குமே."

"புரியலம்மா."

என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கன்னட எழுத்து சொல்லிக் கொடுத்தது நான். அவள் விரலைப் பிடித்து அரிசித் தட்டில் எழுத வைத்தவன். தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஹெல்ப்லைனுக்குப் போன் செய்தாள். மனு எழுதினாள். ஆபீஸுக்கு நேரில் போனாள். உடம்பு தேறாமலே, அம்மாவைப் பிடித்துக்கொண்டு. ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் சுற்றில் ஹாசன் சீட் அவளுக்குப் பின்னால் இருந்த ஒருத்திக்குப் போனது. அந்தப் பெண் இவளோடு கோச்சிங்கில் படித்தவள். எங்கள் வீட்டுக்கே வந்து ஸ்வீட் கொடுத்தாள். என் மகள் வாங்கி, ஒரு துண்டு வாயில் போட்டு, மீதியை என்னிடம் நீட்டினாள்.

"சாப்புடுங்கப்பா. உங்களாலதான அவளுக்குக் கெடச்சுது."

அதுவரை என்னை நீ, வா, போ என்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து "நீங்க". என் மனைவி, பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

பார்மசி காலேஜுக்கு ஒழுங்காகப் போனாள். மாலை ஆறு மணிக்கு வீட்டில் இருந்தாள். நான் வேண்டும் என்று நினைத்ததெல்லாம் அப்படியே நடந்தது, ஒன்றைத் தவிர. அவள் எனக்காகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். சிலிண்டர் வரவில்லை என்றேன். போனில் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை ஆன் செய்து என் கையில் கொடுத்தாள். "பேசுங்கப்பா." அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்தார்கள். அவள் மறுபடியும் நம்பரைப் போட்டாள். அன்று ஐந்து தடவை போட்டாள். ஓனர் வாடகையை ஏற்றினபோது அவள் அடுத்த அறையில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பேனா ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் ஓனர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன்.

யாரிடமும் அவள் சொல்லவில்லை. மாமன் ரிமோட்டை நீட்டும்போதும் சொல்லவில்லை. நான் முட்டாளாகச் சிரித்துக்கொண்டிருப்பதை ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். முட்டாளாக இருப்பதில் எனக்குக் கஷ்டமில்லை. முட்டாளுக்கு மன்னிப்பு உண்டு. எல்லாம் இங்கிலீஷில் இருந்தது, அவருக்கு எப்படித் தெரியும் என்று என் மனைவி இரண்டு வருடம் எல்லோரிடமும் சண்டை போட்டாள்.

இந்த வருடம் மச்சானின் மகள் தேர்வு எழுதினாள். முதல் சுற்று வந்த ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பொம்மனஹள்ளியில் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு இன்ஜினியரிங் சீட் ஒன்று கிடைத்திருந்தது. அதைவிட நல்லது அடுத்த சுற்றில் வரலாம். மதியம் எல்லோரும் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தோம். தட்டுகள் போட்டாகிவிட்டது. அந்தப் பெண் மொபைலில் அந்த நான்கு தேர்வுகள் இருந்த பக்கத்தைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அக்காகிட்ட குடும்மா, அவதான் அடிபட்டவ" என்றார் மச்சான். "ஆனா ஒண்ணு, மாப்ள கைக்கு மட்டும் மொபைல் போகக்கூடாது. வேணும்னா கையைக் கட்டிப் போட்டுடலாம்."

சிரித்தார்கள். நானும்.

என் மகள் மொபைலை வாங்கினாள். பக்கத்தைக் கன்னடத்துக்கு மாற்றினாள். பிறகு எழுந்து வந்து என் கையில் வைத்தாள்.

"அப்பா படிப்பாரு மாமா. எனக்குக் கன்னடம் சொல்லிக் குடுத்ததே அவருதான். படிங்கப்பா. படிச்சு அப்படியே தமிழ்ல சொல்லுங்க, அம்மாவுக்கும் புரியட்டும்."

"அட, மாப்ளயா? எழுத்துக் கூட்டிப் படிக்கவே ராத்திரி ஆயிடுமே."

தடுமாறிப் படிக்கலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். தடுமாறினால் அவளே வாங்கி, நான் எப்படிப் படிக்கிறவன் என்று சொல்லியிருப்பாள். படித்தேன். ஒன்றைப் படித்துத் தமிழில் சொன்னேன். இரண்டைப் படித்துத் தமிழில் சொன்னேன். ஒரு எழுத்தும் தவறவில்லை. கீழே சின்ன எழுத்தில், முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் பிறகு மாற்ற முடியாது என்று ஒரு வரி இருந்தது. "அதையும் படிங்க" என்றாள். அதையும் படித்தேன்.

"நல்லாதான படிக்கிறீங்க" என்றார் மச்சான். சொல்லி முடிப்பதற்குள் அவர் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. என் மனைவி சாதக்கரண்டியோடு நின்றிருந்தாள். நான் தலை நிமிரவில்லை. அவள் சேலையின் கரைதான் தெரிந்தது. அது நகரவில்லை.

"ரெண்டு போடு" என்று என் மகள் அந்தப் பெண்ணிடம் சொன்னாள். போட்டார்கள்.

பிறகு சாப்பாடு. என் மனைவி அண்ணனுக்கு வைத்தாள், பெண்கள் இருவருக்கும் வைத்தாள், தனக்கும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மச்சானின் மனைவிதான் கவனித்தார். "இன்னாடி, அவருக்கு வைக்கலயே?"

"வேணும்னா கேப்பாரு அண்ணி. வாய் இருக்குதுல்ல."

என் மகள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். சாதத்தில் குழம்பை ஊற்றி நிதானமாகப் பிசைந்துகொண்டிருந்தாள். நான் காலித் தட்டைப் பார்த்தபடி, "எங்கப்பாவுக்கு" என்று அவள் சொல்வாளா என்று காத்திருந்தேன்.