மைனஸ் நானூறு வாங்கிய ஆதிலட்சுமி

கேமைத் தொடங்குமுன் ஆதிலட்சுமி அக்கா வலது கட்டைவிரலைக் காக்கிச் சட்டையின் ஓரத்தில் மூன்று முறை தேய்ப்பார். விரல்நுனியில் லேசாக ஊதுவார். போனைத் துடைக்கமாட்டார். கீறல் விழுந்த அந்தக் கண்ணாடியில் சுத்தமாக இருக்கும் ஒரே இடம் அவருக்குத் தெரியும். விரல் நேராக அங்கேதான் போய் உட்காரும்.

மலைக்குப் பின்னால் இருக்கும் அடி அண்ணாமலை கிராமத்துக்கும் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே பதினோரு வருடமாக ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். செங்கம் ரோட்டில் மூன்று பேர் நடத்தும் சின்னக் கம்பெனி, மலையைச் சுற்றி ஷேர் ஆட்டோ ஓட்டும் கேம் ஒன்றைச் செய்தது. வெளியிடும் முன் விளையாடிப் பார்த்துக் குறை சொல்ல ஊர்க்காரர்கள் ஆறு பேரை ஆலோசனைக் குழுவாகச் சேர்த்தது. அதில் நானும் ஒருவன், அதிகம் பேசாதவன். நிஜ ஆட்டோ ஓட்டுகிறவர் அக்கா மட்டும்தான். ஆனால் பத்து நாள் முடிவில் ஆகக் குறைந்த பாயிண்ட் அவருக்குத்தான். மைனஸ் நானூறு.

கேமில் மலை எப்போதும் வலப்பக்கம் இருக்க வேண்டும், கிரிவலம் போவது போல. வண்டியைத் திருப்பினால் 'தவறான பாதை' என்று சிவப்பு எழுத்து வரும், பாயிண்ட் குறையும். அக்கா தினமும் திருப்பினார்.

கடைசிக் கூட்டத்தில் கம்பெனியை நடத்தும் புகழேந்தி, "வெள்ளிக்கிழமை வெளியிடறோம். ஏதாவது சொல்லணுமா?" என்றான்.

"காலைல டவுனுக்கு வரேன், மலை வலது பக்கம். சரி. சாயந்தரம் எப்படிப்பா வீட்டுக்குப் போறது?"

குழுவிலிருந்த பாலாஜி சிரித்தான். "யக்கா, மலைய யாராவது இடமா சுத்துவாங்களா?"

"நான் எங்கடா சுத்துறேன்? வீட்டுக்குப் போறேன்!"

"அக்கா, அஞ்சு பேர் சரின்றாங்க," என்றான் புகழேந்தி. அந்த ஐந்தில் நானும் உண்டு. "எதிர்ப்பக்கம் போற வண்டி, ஆளு எல்லாம் புதுசா செய்யணும். ஒருத்தருக்காக முடியாதுங்க்கா."

"அப்ப இன்னாத்துக்கு எங்கள கூப்ட்டு உக்கார வெச்ச? டீ குடிக்கவா?"

கேமின் முதல் திரையில் எங்கள் பெயர்கள் வரவிருந்தன. அக்கா அதை ஸ்டாண்டில் ஒருவர் விடாமல் சொல்லியிருந்தார். இப்போது மெதுவாகச் சொன்னார்: "இப்படியே வுட்டா என் பேர எடுத்துடு. வீட்டுக்குப் போவத் தெரியாத வண்டியில என் பேரு வேணாம். ஒண்ணு பண்ணு. நாளைக்கு சாயந்தரம் அஞ்சரைக்கு ஸ்டாண்டுக்கு வா. அப்புறம் முடிவு பண்ணு."

புகழேந்தி வந்தான். நானும் போய் ஒரு தவிட்டு மூட்டைக்கும் நான்கு காலிப் பூக்கூடைகளுக்கும் நடுவே ஒடுங்கிக்கொண்டேன். வண்டி கிளம்பியதும் அக்கா பின்னால் பார்க்காமலே கத்தினார்: "இவருதான் கேம் செய்றவரு! நாம வீட்டுக்குப் போனா மார்க்க கம்மி பண்ணுவாரு!"

"ஏம்பா," என்றார் ஒரு பூக்காரம்மா, "நான் வீட்டுக்குப் போறதுக்கு நீ இன்னாத்துக்கு மார்க் போடுற?"

வண்டியே குலுங்கிச் சிரித்தது. புகழேந்தி சிரிக்கவில்லை. கிரிவலப் பாதையில் குபேர லிங்கம் தாண்டியதும் கழுத்தை வெளியே நீட்டிவிட்டான். எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் ஆட்டோக்கள், பால் கேன் தொங்கும் பைக்குகள், சைக்கிளில் பள்ளிப் பிள்ளைகள். எல்லாருக்கும் மலை இடப்பக்கம். பாதி ஊர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வெயில் சாய்ந்த மலை எங்களோடு கூடவே ஓடி வந்தது. கண்ணெதிரே ஒருவன் மனம் மாறுவதை அதுவரை நான் பார்த்ததில்லை.

புகழேந்தி போனை எடுத்தான். "வெள்ளிக்கிழமை வேணாம். மூணு வாரம் தள்ளு. ஆமா, ரெண்டு பக்கமும். சிவப்பு எழுத்தை இப்பவே தூக்கு!"

அக்கா ஹாரனை அடி அண்ணாமலை முழுக்கக் கேட்கும்படி நீளமாக அடித்தார். பூக்காரம்மா காதைப் பொத்திக்கொண்டு, "ஏ ஆதி, பைத்தியமா உனக்கு?" என்று திட்டினார்.

கேம் வெளியாகிச் சில வாரங்கள் கழித்து, சோதனை நாட்களின் பதிவுகளைப் புகழேந்தி எனக்குக் காட்டினான். முதல் நாளே ஆறு பேரும் வண்டியைத் திருப்பியிருக்கிறோம். சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் ஐந்து பேர் பழைய திசைக்கே வந்துவிட்டோம். நான் ஒருவன்தான் தப்பு செய்தேன் என்று நினைத்து வெட்கப்பட்டு, அதைக் குழுவில் சொல்லாமல் விட்டிருந்தேன். பாலாஜி மூன்று முறை திருப்பியிருந்தான்.